ஒரே வீட்டுல மூணு அடுப்பு இருந்தா சென்சஸ்ல எத்தனை குடும்பம்? கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்து ஆளுக சொல்லுங்க

கீழக்கரைப்பொண்ணு

எல்லாருக்கும் சலாம், வணக்கம். 2027 சென்சஸ் பத்தி எங்க தெருவுல ஒரே பேச்சா இருக்கு, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதான் இங்க வந்து கேக்குறேன். முன்னாடி கணக்கெடுக்கப் போன டீச்சர்மாருங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. எங்க ஊர்ல வீடு பொண்ணுக்குத்தான், நிக்காஹ் முடிஞ்சா மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்துருவாரு, இது இந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும். எங்க உம்மாவுக்கு மூணு பொண்ணு ஒரு பையன். கீழ முன்பக்கம் உம்மா வாப்பா கூட நானு, பின்கட்டுல மூத்த ராத்தா (அக்கா), மாடியில நடு ராத்தா. தெருவாசல் ஒண்ணுதான். மாடி ராத்தாவுக்குத் தனி கேஸ் கனெக்ஷன், தனி ரேஷன் கார்டு, தனிச் சமையல். பின்கட்டு ராத்தாவுக்கும் தனி கார்டு இருக்கு, அடுப்பும் இருக்கு, ஆனா மதியம் ராத்திரி ரெண்டு வேளையும் அவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் உம்மா ஆக்குற சோறுதான். என் பேரு இன்னும் உம்மா கார்டுலயே இருக்கு.

மச்சான் ரெண்டு பேரும் சபர்ல (வெளிநாட்டுல) இருக்காங்க, ஒருத்தர் துபாய், ஒருத்தர் சவூதி. என் மாப்பிள்ளை சென்னையில வேலை பாக்குறாரு, மாசத்துல ஒரு தடவை வருவாரு. எங்க காக்கா, அதான் அண்ணன், ரெண்டு தெரு தள்ளி மச்சி (அவர் சம்சாரம்) வீட்டுல இருக்காரு, ஆனா தெனம் சுபுஹு தொழுதுட்டு நேரா இங்க வந்து உம்மா கையால பசியாறிட்டுத்தான் கடையத் தொறப்பாரு.

இப்ப இதுல எத்தனை குடும்பம், ஒண்ணா ரெண்டா மூணா? ராத்தா வீட்டுக்குத் தலைவர்னு யாரச் சொல்றது, இங்க இல்லாத மச்சானையா? சபர்ல இருக்குறவங்களச் சேப்பாங்களா மாட்டாங்களா? காக்கா எந்த வீட்டுக் கணக்கு?

இது ஏதோ ஒரு பாரத்தை நிரப்புற விஷயம்னு நான் நினைக்கல. 2011 கணக்குல கீழக்கரை 38,355 பேரு. அதுக்கப்புறம் 2021ல எடுக்க வேண்டியது கொரோனாவுல நின்னு போச்சு, இத்தனை வருஷமா தண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எதைக் கேட்டாலும் அந்தப் பழைய நம்பரத்தான் எடுத்துக் காட்டுறாங்க. இந்தத் தடவை எங்க தெருவுல ஒரு உசுரும் விட்டுப் போகக்கூடாது, ஒரே ஆளு ரெண்டு வீட்டுலயும் பதிஞ்சிறவும் கூடாது. விஷயத்தைச் சரியாத் தெரிஞ்சுக்கிட்டு, தெருப் பொம்பளைங்ககிட்ட வீடு வீடாப் போயி சொல்லலாம்னு இருக்கேன். பாம்பன், மண்டபம், ஏர்வாடி ஆளுங்களும் உங்க பக்கம் எப்படின்னு சொல்லுங்க.

உச்சிப்புளிக்காரன்

இதுல என்ன குழப்பம் தங்கச்சி, கார்டு எத்தனையோ குடும்பம் அத்தனை. மகளிர் உரிமைத் தொகை கார்டுக்கு ஒருத்தருக்குத்தான வருது, இப்ப போயி எல்லாரும் ஒரே குடும்பம்னு சொல்லி வச்சா நாளைக்கு அந்தக் கணக்கப் பாத்து ஒரு கார்ட கட் பண்ணிட்டா என்ன செய்வீக? எங்க வீட்டுல நாங்க அண்ணந்தம்பி மூணு பேரும் தனித்தனின்னுதான் சொல்லப் போறோம், நீங்களும் அப்படியே சொல்லிருங்க.

பழைய_கணக்கெடுப்பாளர்

தாயி, நான் ராமநாதபுரத்துல ஹைஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன், 2001லயும் 2011லயும் கணக்கெடுக்கப் போயிருக்கேன். 2011ல எனக்குக் கெடைச்சது கீழக்கரை பிளாக்குதான், அதனால உங்க வீட்டு அமைப்பு கண்ணுக்கு முன்னாடி நிக்குது.

முதல்ல உச்சிப்புளித் தம்பிக்குச் சொல்லிடுறேன். ரேஷன் கார்டுக்கும் சென்சஸுக்கும் சம்பந்தமே கெடையாது. கார்டு குடிமைப்பொருள் துறை கொடுக்குறது, அதுக்கு அவுக விதி வேற. சென்சஸுல ஒருத்தர் சொல்ற தகவலைத் தூக்கி இன்னொரு ஆபீஸ்ல கொடுத்து கார்டை வெட்டுறதுக்கெல்லாம் வழியே இல்ல, 1948 சென்சஸ் சட்டத்துல 15வது பிரிவு அதுக்குன்னே இருக்கு, அந்த ரெக்கார்டை யாரும் பாக்கக் கேக்க முடியாது, கோர்ட்டுல சாட்சியமாவும் வைக்க முடியாது. அதனால பயந்துக்கிட்டு கூட்டிக் கொறைச்சு சொல்லாதீக தம்பி, தயவு செஞ்சு. ஒரு ஊர்ல பத்துப் பேரு இப்படிச் சொன்னாலே அந்த ஊரோட குடும்ப அளவு தப்பாப் போயிரும், அத வச்சுத்தான் வீட்டுத் திட்டம், தண்ணித் தொட்டி எல்லாம் கணக்குப் போடுறாக.

இப்ப விதி. சேந்து வாழ்றாகளா, ஒரே அடுப்படிச் சாப்பாடா, இந்த ரெண்டும்தான். சொந்தக்காரங்களா இருக்கணும்னுகூட இல்ல, நாலு வடநாட்டுப் பசங்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒண்ணா ஆக்கித் தின்னா அதுவும் ஒரு குடும்பம்தான். வேலை விஷயமா ஒருத்தர் ஒரு வேளை வெளிய சாப்புட்டா அதுக்காகப் பிரிக்க மாட்டோம். வாசல் எத்தனைங்கிறது வேற கணக்கு, அது கணக்கெடுப்பு வீடு எத்தனைன்னு பாக்குறதுக்கு. ஒரு கட்டடத்துல ரோட்டுக்கோ பொது முற்றத்துக்கோ மாடிப்படிக்கோ தனி வழி வச்ச பகுதியத் தனி வீடா எடுப்போம், அந்த ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு மூணு குடும்பம் இருக்கலாம். அதனால வாசல் ஒண்ணுங்கிறதுக்காக எல்லாம் ஒரே குடும்பம்னு எழுத மாட்டாக.

ஆனா விதியைப் படிக்கிறது வேற, உங்க ஊரு வீட்டுக்குள்ள நின்னு தீர்மானிக்கிறது வேற. ஒரு வீட்டுக்குப் போனேன், நடுவுல முற்றம், சுத்தி அறை, ஒவ்வொரு அறை முன்னாடியும் தனித்தனிச் செருப்பு வரிசை. வயசான உம்மா ஒருத்தவுகதான் பதில் சொன்னாக. எத்தனை குடும்பம்னு கேட்டா ஒண்ணுதான்னாக. அடுப்படி எத்தனைன்னு கேட்டா ரெண்டு. அப்பறம் அவுக பேத்தியே கூட்டிப் போயி காட்டுச்சு. மாடியில ஒரு ஒத்தை பர்னர் ஸ்டவ், டீத்தூள் டப்பா, கைப்பிள்ளைக்குப் பால் காய்ச்ச ஒரு சின்னச் சட்டி, அவ்வளவுதான். அரிசி டிரம், சோத்துப் பானை, கிரைண்டர், மீன் கழுவுற கல்லு எல்லாம் கீழ. மதியம் டிபன் கேரியர் மேல போகுது. அத ஒரே குடும்பமா எழுதுனேன், பதிமூணு பேரு. அடுத்த வீடும் பாக்க அச்சா அதே மாதிரி, ஆனா அங்க மாடியில அரிசி டிரம் தனியா இருந்துச்சு, சாமான் லிஸ்ட்டும் தனியா ஒட்டி வச்சிருந்தாக, அது ரெண்டு குடும்பம். நான் கடைசி வரைக்கும் அரிசி டிரம்மைத்தான் கேட்டேன், அடுப்பை மட்டும் கேட்டா உங்க ஊர்ல ஏமாந்து போவோம்.

அப்படிப் பாத்தா உங்க வீட்டுல ரெண்டு குடும்பம். உம்மா, வாப்பா, நீங்க, பின்கட்டு ராத்தாவும் பிள்ளைகளும் ஒண்ணு. மாடி ராத்தாவும் பிள்ளைகளும் இன்னொண்ணு. காக்கா காலையில வந்து பசியாறுனாலும் படுக்குறது, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் மச்சி வீட்டுலதான, அவர அங்கதான் எழுதணும். உம்மாவுக்கு மனசு கேக்காது, மகன் பேரையும் சேத்துச் சொல்லிருவாக, இது உங்க ஊர்ல ரொம்ப நடக்கும். நீங்க வீடு வீடாப் போகும்போது இத மறக்காமச் சொல்லணும்.

குடும்பத் தலைவர்னா ஆம்பளையாத்தான் இருக்கணும், மூத்தவராத்தான் இருக்கணும்னு இல்ல. அந்தக் குடும்பத்தாரு யாரைத் தலைவர்னு சொல்றாகளோ அவுகதான். மாடி வீட்டுக்கு உங்க ராத்தாவே தலைவர், தயங்காமச் சொல்லச் சொல்லுங்க. 2011ல நான் போன தெருவுல பாதி வீட்டுல முதல்ல சபர்ல இருக்குற மாப்பிள்ளை பேரச் சொன்னாக, அவரு இங்க இருக்காரான்னு கேட்டப்பறம்தான் மாத்துனாக.

சபர்காரங்க விஷயம் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. 2011 விதிப்படி பிப்ரவரி 9ல இருந்து 28 வரைக்கும் கணக்கெடுப்புக் காலம். வழக்கமா அந்த வீட்டுல இருக்குறவரு அந்த நாளுகள்ல கொஞ்சமாவது இருந்திருந்தா சேத்துக்கலாம், நாம போகும்போது இல்லாட்டியும் 28க்குள்ள வந்துருவார்னா சேத்துக்கலாம். அந்தக் காலம் முழுக்க வெளிநாட்டுல இருந்தா கெடையாது. உங்க மாப்பிள்ளை சென்னையில ரூம் எடுத்து அங்கயே இருக்காருன்னா அவர அங்கதான் எழுதுவாக, அவர்கிட்ட சொல்லி அங்க விட்டுப் போகாமப் பாத்துக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு எனக்கு இந்தத் தடவை ரொம்ப முக்கியமாப் படுது. 2027 கணக்குக்கு மார்ச் 1ங்கிறத அடிப்படைத் தேதியா வச்சு 2025 ஜூன் 16ல அறிவிப்பு வந்துருச்சு. அப்ப வீடு வீடா ஆளை எண்ணுறது பிப்ரவரியிலதான் வரும். பிறைக் கணக்குப்படி பாத்தா பிப்ரவரி ரெண்டாவது வாரத்துல நோன்பு ஆரம்பிக்கும், பெருநாள் மார்ச் ரெண்டாவது வாரத்துல. பெருநாளைக்கு ஊருக்கு வர்ற ஆளுக முக்காவாசிப் பேரு மார்ச் 1க்கு அப்பறம்தான் வந்து இறங்குவாக. ஊரே நெறைஞ்சு கெடக்கும், கணக்குல ஒருத்தரும் இருக்க மாட்டாக. அதே நேரம் நோன்பு வச்ச பொம்பளைகளப் போயி உச்சி வெயில்ல கதவைத் தட்டுனா பதில் சொல்லவே தெம்பு இருக்காது, இஃப்தாருக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அடுப்படிய விட்டு அசைய முடியாது. கணக்கெடுக்க வர்ற டீச்சருகிட்ட நீங்களே முன்கூட்டிப் பேசி, காலையில பத்து பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்க.

கடைசியா ஒரு மாவட்டக் கணக்கு. ராமநாதபுரம் மாவட்டத்துல 2001ல ஆயிரம் ஆம்பளைக்கு 1036 பொம்பளைக. 2011ல அது 983 ஆயிருச்சு. பத்து வருஷத்துல அம்பதுக்கு மேல எறங்குனது சாதாரண விஷயம் இல்ல. வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் போற ஆம்பளைகளை யாரு எப்படி எழுதுனாகங்கிறதும் இதுல ஒரு பங்கா இருக்கும்னு நான் நெனைக்கிறேன். உங்க ஊரு மாதிரி, பெரியபட்டினம், தொண்டி மாதிரி ஊருகள்ல ஒவ்வொரு வீட்டுலயும் அந்த ஒரு வரி சரியா விழுந்தாத்தான் அடுத்த கணக்குல அந்த நம்பரை நம்ப முடியும்.

சபராளி_பெரியபட்டினம்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஷார்ஜாவுல இருந்து எழுதுறேன். வாத்தியார் ஐயா சொன்னதைப் படிச்சுட்டு மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா நியாயம் அதுதான், இங்க படுத்து எந்திரிக்கிறவன எப்படி அங்க எண்ணுவாக. என்ன ஒண்ணு, எங்க தெருவுல எட்டு வீட்டுல ஆம்பளைன்னு பாத்தா வயசான வாப்பாமாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். நடுவயசு ஆளே இல்லாத ஒரு தெருன்னுதான் கணக்குல வரும், அது உண்மையும்கூட, அப்படியே வரட்டும். அப்பதான் எங்க ஊருக்குப் பக்கத்துலயே வேலை வேணும்னு கேக்குறதுக்கு ஒரு ஆதாரமாவது இருக்கும்.

குடும்பத் தலைவர் விஷயத்துல ஐயா சொன்னதுக்கு நான் நூத்துக்கு நூறு. நான் அனுப்புறது காசு மட்டும்தான். கரண்ட் பில்லு, பிள்ளைக ஸ்கூல் பீஸ், கூட்டுறவு பேங்குல நகைய வச்சுத் திருப்புறது, கொத்தனாரை நிப்பாட்டி வச்சு மாடி கட்டுனது, எங்க உம்மாவ மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி வந்தது எல்லாம் என் பொண்டாட்டிதான். செங்கல்லு லோடு எறங்கும்போது எண்ணி எறக்குவா, ரெண்டு ஒடஞ்சிருந்தாலும் விட மாட்டா. பேரு மட்டும் என் பேரு எதுக்கு? போனைப் போட்டு சொல்லிட்டேன், உன் பேரச் சொல்லு, நீதான் தலைவின்னு.

தங்கச்சி, உங்க தெருவுல சொல்லும்போது சபர்ல இருக்குற ஆளுகளுக்கும் வாட்ஸப்புல சேதி அனுப்பச் சொல்லுங்க. லீவு மாத்த முடியிறவங்க ஒரு பத்து நாள் முன்னாடி வந்தா பிப்ரவரி கடைசிக்குள்ள ஊர்ல இருக்கலாம். எல்லாருக்கும் முடியாது, கம்பெனி லீவு நம்ம கையில இல்ல, ஆனா வேலையை முடிச்சுட்டு ஒரேயடியா ஊருக்கு வர்றவங்க கொஞ்சப் பேராவது எப்பவும் இருக்காங்க, அவங்க அந்த நேரத்துல சொந்தக்காரங்க வீடு, சென்னைன்னு சுத்திக்கிட்டு ரெண்டு எடத்துலயும் இல்லாமப் போயிறக் கூடாது.

இன்னொரு விஷயம், இந்தத் தடவை ஜாதியும் கேப்பாகளாமே. எங்க பக்கம் சர்டிபிகேட்டுல லெப்பைன்னு இருக்கும், வீட்டுல கேட்டா மரைக்காயர்னு சொல்லுவாக, தமிழ்நாடு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியல்ல லெப்பைக்குள்ளயே ராவுத்தரும் மரைக்காயரும் வருது. ஒரே வீட்டுல வாப்பா ஒண்ணும் மகன் ஒண்ணும் சொல்லாம முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க.

தங்கச்சிமடம்_கடல்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடம், எங்க வீட்டுல கடல் தொழிலுதான், நாலு தலைமுறையா. இத்தனை விவரம் எழுதுன வாத்தியார் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. எங்க பக்கத்துக் கதையையும் சொல்றேன், ஏன்னா ராமேஸ்வரத் தீவுன்னா எல்லாரும் கோயிலையும் பாலத்தையும்தான் பாக்குறாங்க. 2011ல ராமேஸ்வரம் நகராட்சி மட்டும் 44,856 பேரு. தீவுன்னா பாம்பன், தங்கச்சிமடம், அக்காமடம் எல்லாம் சேத்துத்தான். அதுல வேதக்காரங்க (கிறிஸ்தவங்க), இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்துதான் இருக்கோம். கோயில்ல பூஜை பண்றவங்க மராட்டி வழியில வந்தவங்க, யாத்ரீகர் வர்ற தெருவுல வடநாட்டுக் குடும்பங்க தலைமுறையா கடை வச்சு ஒக்காந்திருக்கு, அவங்க பிள்ளைங்க எங்க பிள்ளைங்கள விட நல்லாத் தமிழ் பேசுது. தாய்மொழி என்னன்னு கேக்குற எடத்துல அவங்க வீட்டுல பேசுறத அப்படியே சொல்லணும், தமிழ்னு மாத்திச் சொல்லணும்னு யாரும் நெனைக்க வேண்டாம்.

எங்களுக்கு உள்ள பிரச்சனை ஆளு வீட்டுல இருக்க மாட்டாங்க. இங்க விசைப்படகு வாரத்துல மூணு நாளு, மீதி நாளு நாட்டுப்படகு, மூணு நாள் கடல் நாலு நாள் கரைன்னு பழைய ஏற்பாடு. கடலுக்குப் போனவரு மறுநாள் வந்துருவாரு, அதுல சிக்கல் இல்ல. சிக்கல் என்னன்னா தங்கல் போறவங்க. காத்து மாறும்போது ஒரு கூட்டம் வல்லத்தைத் தூக்கிக்கிட்டு வேற கரைக்குப் போயி குடிசை போட்டுத் தங்கிருவாங்க, சில வீட்டுல பொம்பளையும் பிள்ளையும் சேந்தே போயிரும், இங்க பூட்டுத்தான் தொங்கும். பூட்டின வீடுன்னு எழுதிட்டுப் போயிட்டா அவங்க அங்கயும் இல்ல இங்கயும் இல்ல. தனுஷ்கோடிய 1964 புயலுக்குப் பிறகு குடியிருக்க லாயக்கில்லன்னு சொல்லிட்டாங்க, ஆனா இன்னைக்கும் அங்க குடிசை போட்டு மீன்பிடிக்கிற குடும்பங்க இருக்கு, மணல்ல தோண்டுன ஊத்துத் தண்ணிதான் அவங்களுக்கு. அங்கயும் நடந்து போயி எண்ணணும்.

இதைச் சொல்லாம முடிக்க முடியல. எங்க தெருவுல எல்லைய தாண்டிட்டாங்கன்னு இலங்கையில புடிச்சு வச்சிருக்குற பையன் இருக்கான். இன்னைக்கு விடுறாங்க நாளைக்கு விடுறாங்கன்னு அவன் ஆத்தா கலெக்டர் ஆபீஸுக்கு நடந்துக்கிட்டு இருக்கா. கணக்கெடுக்க வர்றவங்க அவகிட்ட, மகன் எப்ப வருவான்னு விதிப்படி கேட்டுத்தான் ஆகணும். அந்தக் கேள்வியக் கேக்குறவங்க கொஞ்சம் ஒக்காந்து, பொறுமையாக் கேளுங்க. வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டு டிக் அடிச்சுட்டுப் போகாதீங்க.

சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போற பொம்பளைங்க காலையிலயே தண்ணிக்குள்ள எறங்கிருவாங்க, அங்க சாயங்காலம் போனாத்தான் ஆளு கெடைக்கும்.

முகாம்_பிள்ளை

நான் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அம்மம்மா, அம்மா எல்லாரும் மன்னார்ப் பக்கத்தில இருந்து படகில வந்தவை. 2021ல மறுவாழ்வு முகாம் என்று பேரை மாத்தினாங்க, பணக்கொடையும் கூட்டினாங்க, அது நல்லது. ஆனா எங்கட வீடுகள் வெள்ளைக்காரன் காலத்தில தோட்டத் தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்ப முன்னம் நிறுத்தி வைக்கக் கட்டின வரிசைக் கட்டடம், அதைத் தட்டி வச்சும் சேலை கட்டியும் பிரிச்சுப் பிரிச்சு இருக்கிறம்.

முகாம் பதிவில ஒரு குடும்பம் என்டு இருக்கும், பிள்ளைகள் கல்யாணம் முடிச்சு அதே அறைக்குள்ள தடுப்பு வச்சுத் தனியாச் சமைப்பினம். அப்ப அது பதிவில ஒண்டு, அடுப்பில ரெண்டு. ஐயா சொன்ன மாதிரிப் பார்த்தா ரெண்டு குடும்பம் என்டுதான் சொல்லவேணும், அப்படித்தானே? 2022ல பொருளாதார நெருக்கடி நேரம் அரிச்சல்முனையில வந்து இறங்கின ஆக்களும் இங்கதான் இருக்கினம், அவையளில தனி ஆளாப் பிள்ளையோட வந்த தாய்மார் ரெண்டு பேர் சேர்ந்து ஒரே அடுப்பில சமைக்கினம், சொந்தமே இல்லை.

எங்கட ஆக்கள் கணக்கெடுப்பு என்டாலே பயப்பிடுவினம், குடியுரிமை இல்லாதவையை எதுக்கு எண்ணுறாங்கள் என்டு. எங்களைச் சேர்ப்பாங்களா ஐயா?

பழைய_கணக்கெடுப்பாளர்

கட்டாயம் சேப்பாக தாயி. சென்சஸ் எண்ணுறது இந்த மண்ணுல குடியிருக்குறவங்களை, எந்த நாட்டுக்காரராயிருந்தாலும் சரி. வெளிநாட்டுத் தூதரக ஆளுகளை மட்டும்தான் விட்டுருவாக. பதிவு ஒண்ணு, அடுப்பு ரெண்டுன்னா ரெண்டு குடும்பம்னே சொல்லணும். அந்த ரெண்டு தாய்மாரு சேந்து சமைக்கிறது ஒரு குடும்பம், அவுக ரெண்டு பேருல யாரைத் தலைவர்னு சொல்றாகளோ அவுக. அந்தத் தட்டித் தடுப்புக்கு ரெண்டு பக்கமும் எத்தனை பேரு இருக்காகங்கிறது சரியா எழுதப்பட்டாத்தான் எடம் பத்தலங்கிறது மேல இருக்குறவங்களுக்கு நம்பரா போயிச் சேரும். பயப்படாமச் சொல்லச் சொல்லுங்க, 15வது பிரிவு உங்களுக்கும் சேத்துத்தான்.

ஏர்வாடி_நர்ஸ்

இங்க ஏர்வாடி விஷயம் யாரும் எழுதலையேன்னு வந்தேன். தர்காவுக்கு மனநலம் சரியில்லாதவங்களைக் கூட்டிட்டு வந்து மாசக்கணக்குல, சிலர் வருஷக்கணக்குல தங்குறாங்க. 2001 ஆகஸ்ட் 6ல ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டியிருந்த 28 பேரு எரிஞ்சு போனாங்க. சுப்ரீம் கோர்ட்டு தானா கேஸ எடுத்துச்சு, அதுக்கப்புறம்தான் நெறைய மாறுச்சு. அன்னைக்குச் செத்துப் போனவங்கள்ல எத்தனையோ பேருக்கு எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னே யாருக்கும் தெரியல. அதனால கணக்குங்கிறது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம்.

விடுதி, காப்பகம் மாதிரி எடத்துல சம்பந்தமில்லாத ஆளுக ஒரே சமையல்ல சாப்பிட்டா அது நிறுவனக் குடும்பம்னு தனியா வரும். ஆனா இங்க பாதிப் பேரு அப்படி இல்ல. ஒரு அம்மா, வயசு வந்த மகன், தர்கா பக்கத்துல ஒரு ரூம் வாடகைக்கு. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ரெண்டு பாத்திரம், ஒரு பாய், ஜன்னல் கம்பியில மாத்திரைக் கவர் தொங்கும். வெளி மாநிலத்துல இருந்துகூட வந்திருப்பாங்க. இவங்களை யாத்ரீகருன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருவாங்களோன்னுதான் பயம். இவங்க சொந்த ஊர் வீடு பூட்டியே கெடக்கும்.

ஐயா, தெருவுல படுத்திருக்குறவங்களை எண்ணுறதுக்குத் தனியா ஒரு ராத்திரி வருவாங்கன்னு கேள்விப்பட்டேன், அது உண்மையா?

பழைய_கணக்கெடுப்பாளர்

உண்மைதான்மா. 2011ல பிப்ரவரி 28 ராத்திரி போனோம், பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், கடைத் திண்ணை எல்லாம். வீடு இல்லாதவங்களை ஒரே ராத்திரியில எண்ணி முடிச்சிறணும், இல்லாட்டி மறுநாள் வேற எடத்துல இருப்பாக. ஏர்வாடிக்கு அந்த ராத்திரி ஊர் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட வந்தா ரொம்ப உதவியா இருக்கும், நீங்க போனா நல்லது. அந்த ரூம் எடுத்துத் தங்குன தாயும் மகனும் விருந்தாளி இல்ல. கணக்கெடுப்புக் காலம் முழுக்க சொந்த வீட்டை விட்டு இங்க இருந்தாக்க இங்கதான் எழுதணும், தனி அடுப்புன்னா தனிக் குடும்பம். ரூம் வாடகைக்கு விடுறவங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க, கணக்கெடுக்க வர்றப்ப "எல்லாம் வந்து போற ஆளுக"ன்னு அவுக சொல்லிட்டா அதோட முடிஞ்சு போச்சு.

கீழக்கரைப்பொண்ணு

ஐயா, ராத்தாமாருங்க, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உம்மாகிட்ட காக்கா விஷயத்தைச் சொன்னேன், முதல்ல ஒத்துக்கவே இல்ல, என் மகனை நான் எப்படி இல்லைன்னு சொல்லுவேன்னாங்க. மச்சி வீட்டுல அவரை எழுதலைன்னா அவங்க பிள்ளைங்க வாப்பா இல்லாத வீடுன்னு பதியுமேன்னு சொன்னப்பறம் சரின்னுட்டாங்க.

இன்னும் ஒரு சந்தேகம். மொபைல்லயே நாமளா பதிஞ்சுக்கலாம்னு சொல்றாங்களே, அப்படிப் பண்ணிட்டா டீச்சர் வர மாட்டாங்களா? எங்க தெருவுல வயசானவங்க நெறைய, அவங்களுக்கு நான் பதிஞ்சு கொடுக்கலாமா?

பழைய_கணக்கெடுப்பாளர்

இந்தத் தடவை டிஜிட்டல் கணக்கெடுப்புத்தான், நாமளே பதியவும் வழி வச்சிருக்காக. பதிஞ்சாலும் டீச்சர் வந்து சரி பாப்பாக, பதிஞ்சு முடிச்சதும் வர்ற நம்பரை எடுத்து வச்சிருந்து அவுககிட்ட காட்டணும். வயசானவங்களுக்கு நீங்க பக்கத்துல ஒக்காந்து உதவி செய்யலாம், ஆனா பதில் அவுக வாயிலருந்து வரணும், நீங்களா நெனச்சு எழுதிறாதீக. ஓடிபி வந்தா அவுக கண்ணு முன்னாடியே போடுங்க, வேற யாராச்சும் போன் பண்ணி ஓடிபி, பேங்க் நம்பர்னு கேட்டா சொல்லக்கூடாதுன்னும் சேத்துச் சொல்லுங்க. முதல்ல வர்றது வீட்டுப் பட்டியல், அதுல வீடு, தண்ணி, கக்கூஸ், என்ன எரிபொருள்ல சமைக்கிறீகன்னு கேப்பாக. பேரு பேரா ஆளை எழுதுறது பிப்ரவரிக்குத்தான். நீங்க தெருவுல சொல்லப் போறப்ப இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிராம, முதல்ல மாடியில எந்த எந்த வீட்டுல அரிசி தனியா வாங்குறாகன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க.